கிழக்குப் பார்த்த பால்கனியில் மேகம் பார்க்க: நேரம், திசை, கணக்கு

#1 செந்தூல்மாடி13

எல்லாருக்கும் வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் 13ஆம் மாடி, கிழக்குப் பார்த்த பால்கனி. தித்திவங்சா மலைத்தொடர் நன்றாகத் தெரியும். மேற்கே பக்கத்துக் கட்டடம் அடைத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் தே தாரிக்கோடு உட்கார்ந்து சும்மா மேகம் பார்ப்பதைப் பழக்கமாக்கலாம் என்று நினைக்கிறேன். சில சந்தேகங்கள். எத்தனை மணிக்கு உட்கார்ந்தால் பார்க்க ஏதாவது இருக்கும்? மேகப் பெயர்களை முதலில் படித்துக்கொள்ளணுமா? பைனாகுலர், கேமரா என்று ஏதாவது வாங்கணுமா? அடிக்கடி ஆயர் ஈத்தாம் போவதுண்டு, பினாங்கில் எங்கே நின்று பார்ப்பது என்றும் சொன்னால் நல்லது.

#2 கொடிமலைநிழல்

சாயங்காலம் உட்கார்வது இடைவேளைக்குப் பிறகு படத்துக்குப் போவது மாதிரி. கோலாலம்பூரைச் சுற்றிய கிள்ளான் பள்ளத்தாக்கில் கதை காலை 10 மணிக்கே தொடங்கிவிடும்.

முதலில் கடிகாரம். 1982 ஜனவரி 1 முதல் மலேசியத் தீபகற்பம் முழுக்க கிரீன்விச்சுக்கு 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. சூரியனுக்கு அது தெரியாது. கோலாலம்பூரில் அது உச்சிக்கு வருவது ஏறக்குறைய 1.15க்கு, பினாங்கில் இன்னும் ஐந்தாறு நிமிடம் கழித்து. மாதத்தைப் பொறுத்துக் கால் மணி நேரம் முன்பின் ஆகும். தரை நன்றாகச் சுடுவது 2.30, 3 மணிக்கு. வெளிநாட்டுப் புத்தகம் ‘நண்பகல் கழித்து இரண்டு மணி நேரத்தில் மேகம் உச்சம்’ என்றால் நமக்கு அது 3.15.

இரண்டு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், அதாவது ஏப்ரல்-மேயிலும் அக்டோபர்-நவம்பரிலும், ஒரு சாதாரண நாள் இப்படிப் போகும். பத்து, பத்தரைக்கு மலை முகட்டின் மேல் பஞ்சுத் துணுக்குகள். அடி தட்டை, தலை உருண்டை. ஒவ்வொன்றும் பத்து இருபது நிமிடத்தில் கரைந்துபோகும். பலர் இந்தக் கட்டத்தில் எழுந்து போய்விடுகிறார்கள், ‘ஒன்றும் இல்லை’ என்று. இங்கேதான் கவனிக்கணும். மேலே ஏறிய ஈரக்காற்றைச் சுற்றியிருக்கிற உலர்ந்த காற்று பக்கவாட்டில் அரித்துத் தின்கிறது. துணுக்கு செத்துப்போகிறது. ஆனால் அதன் ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது. அதே முகட்டில் அடுத்த துணுக்கு ஏறும்போது அதைச் சுற்றியுள்ள காற்று முன்பைவிடக் கொஞ்சம் நனைந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் கூடுதல் உயரம் போகிறது. அதற்கடுத்தது இன்னும் மேலே. ஒரே இடத்தை முக்கால் மணி நேரம் பார்த்தால் இந்தப் படிக்கட்டு கண்ணுக்குத் தெரியும். வானம் முழுக்கக் கண்ணை ஓட்டினால் தெரியாது.

பன்னிரண்டு, ஒரு மணி வாக்கில் அகலத்தைவிட உயரம் கூடிய காலிஃபிளவர் தலைகள். அதன்பின் மூன்றிலிருந்து ஐந்துக்குள் பட்டறைத் தலை, அதாவது கொல்லன் பட்டறைக்கல் மாதிரி மேலே தட்டையாகப் பரந்த தலை, விரியும். பட்டறை விரிந்த பிறகு உட்கார்ந்தால் சாம்பல் கூரைதான் மிஞ்சும். ஆகவே சனி, ஞாயிறு என்றால் காலையே உட்காருங்கள். வேலை நாள் என்றால் 6.30க்கு மேல் உட்காருங்கள், அது வேறு காட்சி, பிறகு சொல்கிறேன். நடுவில் நாலு மணிக்கு உட்கார்வதுதான் இரண்டும் கெட்டான்.

பால்கனி கிழக்குப் பார்த்திருப்பது அதிர்ஷ்டம். கோலாலம்பூரில் மலை கிழக்கே, மேகம் பிறப்பதும் அங்கே.

#3 வெறுங்கண்

பெயர் வேண்டாம். பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவோம்.

மூன்று கேள்வி போதும். ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கா, நார் நாராக இருக்கா? அடி தட்டையா, கிழிந்த துணியா? அகலம் அதிகமா, உயரம் அதிகமா? வெட்டிய ஓரம் என்றால் நீர்த்துளி. நார் என்றால் பனித்துகள். இது ஒன்று தெரிந்தாலே பாதி வானம் புரிந்துவிடும்.

பைனாகுலர், கேமரா எதுவும் வேண்டாம். தலை சாய்க்க ஒரு நாற்காலி வாங்குங்கள், கழுத்து வலிதான் இந்தப் பொழுதுபோக்கின் முதல் எதிரி.

#4 மெட்டார்மணி

> பெயர் தெரிந்ததும் பார்ப்பதை நிறுத்திவிடுவோம்

ஒத்துக்கொள்ள மாட்டேன். பெயர் என்பது வேறுபாட்டைக் கண்ணுக்குப் பழக்குகிற கருவி. லூக் ஹோவர்டு என்கிற லண்டன் மருந்து வணிகர் 1802இல் கீற்று, திரள், படை என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னபோது அவரிடம் இருந்ததும் வெறுங்கண்தான். இன்றைக்கும் உலக வானிலை அமைப்பின் அட்லஸில் அடிப்படை வகை பத்துதான். முதல் அட்லஸ் 1896இல் வந்தது, 2017 பதிப்பில் அலைக்கூரை மாதிரித் தெரிகிற ஆஸ்பெரிட்டாஸ் போன்ற புதிய உறுப்புகளைச் சேர்த்தார்கள், ஆனால் பத்து பத்தாகவே இருக்கிறது. பத்துப் பெயர் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

எல்லாரும் குழம்புவது சிறு உருண்டைகள் வரிசையாக நிற்கிற மூன்று வகையில். அதற்கு விரல் கணக்கு இருக்கிறது. கையை முழுசாக நீட்டி, அடிவானத்திலிருந்து 30 பாகைக்கு மேல் உள்ள உருண்டை ஒன்றை அளங்கள். சுண்டு விரல் நுனி அகலம் சுமார் 1 பாகை. உருண்டை அதற்குள் மறைந்துவிட்டால் கீற்றுத்திரள், மிக உயரம். 1 முதல் 5 பாகைக்குள், அதாவது மூன்று விரலுக்குள் இருந்தால் இடைத்திரள். அதைவிடப் பெரிசு என்றால் படைத்திரள், தாழ்வானது. 30 பாகைக்குக் கீழே அளந்தால் தூரம் காரணமாக எல்லாம் சிறிசாகத் தெரியும், தப்பான விடை வரும்.

இதில் இடைத்திரள் நமக்கு முக்கியம். காலை 7, 8 மணிக்கு அந்த உருண்டைகளின் தலையில் கோட்டைச் சுவர் மாதிரிச் சின்னச் சின்னக் கொத்தளங்கள் எழும்பியிருந்தால் நடு உயரத்துக் காற்று ஏற்கெனவே ஆட்டம் காண்கிறது என்று பொருள். அன்றைக்கு மத்தியானம் பால்கனியில் இடம் பிடித்து வையுங்கள்.

#5 கிள்ளான்கரை

மலை மட்டும் இல்லை, கடலும் இதில் பங்குதாரர். கொடிமலை அண்ணன் பினாங்குக்காரர், அதை விட்டுவிட்டார் 😄

காலை பத்து பதினொன்றுக்குப் போர்ட் கிள்ளான் கரையில் கடற்காற்று கிளம்பும். குளிர்ந்த ஈரக்காற்று தாழ்வாக உள்ளே நுழைகிறது, சுட்ட தரைக்காற்றை முன்னால் தள்ளி மேலே தூக்குகிறது. அந்த முகப்பு எங்கே இருக்கிறதோ அங்கே திரள் மேகங்கள் கரைக்கு இணையாக ஒரு கோடாக நிற்கும். கோட்டுக்குக் கடல் பக்கம் வானம் சுத்தம். கிள்ளானிலிருந்து பார்த்தால் தலைக்கு மேல் நீலம், கிழக்கே சுவர்.

அந்தக் கோடு ஷா ஆலம், சுபாங், பெட்டாலிங் ஜெயா என்று நகர்ந்து மத்தியானம் கோலாலம்பூர் பக்கம் வரும். அதே நேரம் கோம்பாக், உலு லங்காட் மலைகளில் பெய்த மழையின் குளிர்காற்று மேற்கே வழிந்து இறங்கும். இரண்டும் முட்டுகிற இடத்தில் எழும்புகிற மேகம்தான் பெரிசு. செந்தூல்காரருக்கு இதைக் காண ஒரு வழி: மலையில் மழை விழுந்து பத்து இருபது நிமிடத்தில் பால்கனியில் சட்டென்று குளிர்காற்று அடித்தால், உடனே கீழே பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். காற்று ஓடுகிற முனையில் புதுத் துணுக்குகள் வரிசையாக முளைக்கும். மேற்கே உங்களுக்கு மறைத்திருப்பது இந்த இடத்தில்தான் நட்டம். லிஃப்ட் பக்கத்து வராந்தா மேற்குப் பார்த்திருந்தால் அங்கே போய்ப் பார்க்கலாம்.

#6 செந்தூல்மாடி13

நன்றி. வராந்தா மேற்குப் பார்த்ததுதான்! இன்னும் இரண்டு கேள்வி. மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? பார்க்கும்போது கோம்பாக் மேல் இருக்கிறதா பகாங்கில் இருக்கிறதா என்றே தெரிவதில்லை.

#7 மெட்டார்மணி

உயரம் சுலபம். பகலில் தரையிலிருந்து எழும்புகிற திரள் மேகத்துக்கு ஒரு வாய்ப்பாடு: வெப்பநிலையிலிருந்து பனிப்புள்ளியை (காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) கழி, 125ஆல் பெருக்கு. வருவது மேக அடியின் உயரம், மீட்டரில். 33 பாகை வெப்பம், 24 பனிப்புள்ளி என்றால் 9 × 125 = 1,125 மீட்டர்.

இரண்டு எண்ணும் மெட்டார் எனப்படும் விமான நிலைய வானிலை அறிக்கையில் 33/24 என்று சாய்கோடு போட்டு இலவசமாகக் கிடைக்கும். கவனிக்க வேண்டியவை: நேரம் கிரீன்விச் நேரம், 8 கூட்டணும், 0700 என்றால் நமக்கு 3 மணி. செந்தூலுக்குச் சுபாங் விமான நிலைய அறிக்கையை எடுங்கள், செப்பாங் வெகுதூரம், கடலுக்கும் கிட்டே. மேக உயரம் நூறு அடிக் கணக்கில் வரும், 018 என்றால் 1,800 அடி, சுமார் 550 மீட்டர். வானத்தை எட்டுப் பங்காக்கி, ஃபியூ என்றால் ஒன்றிரண்டு பங்கு மேகம், ஸ்கேட்டர்டு மூன்று நான்கு, புரோக்கன் ஐந்து முதல் ஏழு, ஓவர்காஸ்ட் முழுசு. பின்னால் சிபி ஒட்டியிருந்தால் இடிமேகம்.

வாய்ப்பாடு பொய் சொல்லும் இடங்களும் உண்டு. மழை நின்ற கையோடு கிழிந்த கந்தல் மேகங்கள் நூறு இருநூறு மீட்டரிலேயே அலையும், அவை தரைச் சூட்டில் எழும்பியவை அல்ல. இரவுக்கும் பொருந்தாது, இடைத்திரள், கீற்று வகைகளுக்கும் பொருந்தாது.

சரிபார்க்க ஊரிலேயே அளவுகோல் நட்டு வைத்திருக்கிறார்கள். இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். கோலாலம்பூர் கோபுரம் 421 மீட்டர்தான், ஆனால் புக்கிட் நானாஸ் மேல் நிற்பதால் அதன் முனை இரட்டைக் கோபுர முனையைவிட மேலே. மெர்டேக்கா 118 ஊசியோடு சேர்த்து 678.9 மீட்டர். மழைக்குப் பிறகு ஊசி மட்டும் காணாமல் போனால் அடி 680க்குக் கீழே. கெந்திங் பக்கத்து உலு காலி சிகரம் 1,772 மீட்டர். மத்தியானத் திரளின் அடி பெரும்பாலும் அதன் இடுப்பளவில் தட்டையாக நிற்கும், வாய்ப்பாட்டை அங்கே வைத்துப் பாருங்கள். பினாங்கில் கொடிமலையின் உச்சமான வெஸ்டர்ன் ஹில் 833 மீட்டர். பாயான் லெப்பாஸ் விமான நிலைய அறிக்கை 31/26 என்றால் அடி 625, அதாவது மலையுச்சி மேகத்துக்குள்.

#8 கொடிமலைநிழல்

தூரத்துக்கு முஷ்டி. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அகலம் 10 பாகை. நன்றாக விரிந்த பட்டறைத் தலை நம் பக்கத்தில் 15 கி.மீ. உயரத்தில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம், 16, 17க்கு மேல் பெரும்பாலும் ஏற முடியாது, அங்கே மேல் காற்று மூடி போட்டுவிடுகிறது. தலை அடிவானத்துக்கு மேல் ஒரு முஷ்டி என்றால் சுமார் 85 கி.மீ. தள்ளி. இரண்டு முஷ்டி, 40 கி.மீ. மூன்று முஷ்டி, 26 கி.மீ. நாலரை என்றால் 15 கி.மீ., உள்ளே போய்விடுங்கள். செந்தூலிலிருந்து கெந்திங் நேர்கோட்டில் 30 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆகவே வடகிழக்கில் பட்டறைத் தலை மூன்று முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தால் அது கெந்திங் மேல், ஒன்றரைதான் என்றால் பகாங்கில். காலிஃபிளவர் கட்டத்தில் இந்தக் கணக்கு போடாதீர்கள். அப்போது அதன் உயரம் 5 கி.மீ.யா 9 கி.மீ.யா என்று தெரியாது, விடை இரண்டு மடங்கு தப்பும்.

வெறுங்கண் சொன்ன ஓரக் கணக்கில் ஒரு திருத்தம். ‘தலை நாராக மாறினால் மழை’ என்று குளிர்நாட்டுப் புத்தகங்களில் இருக்கும். நம் நாட்டில் நீர் உறைகிற உயரமே 5 கி.மீ.க்குப் பக்கத்தில். அதற்குக் கீழேயே மூன்று நான்கு கி.மீ. தடிமனுக்குத் திரள் வளர்ந்தால் துளிகள் ஒன்றோடொன்று மோதிப் பெருத்து, பனியே இல்லாமல் மழை கொட்டும். தலை இன்னும் காலிஃபிளவராகவே இருக்கும். ஆகவே இங்கே தலை மங்கும் வரை காத்திருந்து துணி எடுத்தால் துணி நனைந்திருக்கும். அடிப்பகுதி கறுத்து, அடிக்கோடு ஒரு இடத்தில் மட்டும் கலங்கினால் மழை இறங்கிவிட்டது.

#9 வெறுங்கண்

திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் வாய்ப்பாடு, முஷ்டி, எட்டுப் பங்கு... நாற்காலி போட்டு உட்காரச் சொன்னோமா பரீட்சை எழுதச் சொன்னோமா?

#10 மெட்டார்மணி

பரீட்சை இல்லை அண்ணே. ‘அடி 1,100இல் இருக்கும்’ என்று முன்னாலேயே சொல்லி, மேகம் மலையின் அந்த இடத்திலேயே அடி தட்டி நிற்பதைப் பார்ப்பதும் ஒரு சுகம்தான். சுகத்தில் வகை உண்டு.

#11 கொடிமலைநிழல்

பினாங்குக்கு வருவோம். தீவு, நடுவில் மலை, கிழக்கே குறுகலான கால்வாய், மேற்கே மலாக்கா நீரிணை. அதனால் எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாம்.

ஆயர் ஈத்தாம் மலையின் கிழக்கு அடிவாரம். சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும், அஸ்தமனம் கிடையாது. குறையாக நினைக்க வேண்டாம். மாலை 6.30க்கு மேல் நீங்கள் நிழலில் இருப்பீர்கள், எதிரே பெருநிலத்தில் புக்கிட் மெர்த்தாஜாம், கூலிம், அதற்குப் பின்னால் பிந்தாங் மலைத்தொடர் மேல் நிற்கிற இடிமேகங்கள் இன்னும் வெயிலில் இருக்கும். கீழ்ப்பகுதி முதலில் சாம்பலாகும், தலை மட்டும் மஞ்சள், ஆரஞ்சு, பிறகு ரோஜா நிறம். பட்டறையின் அடியில் பை பையாகத் தொங்குகிற மடிமேகம் வந்தால் அதற்கு நல்ல நேரம் 6.45 முதல் 7.15. பக்கவாட்டு வெளிச்சம் பட்டால்தான் அந்தப் பைகளுக்கு உருவம் வரும். ‘சாயங்காலம் என்றால் மேற்கே பார்’ என்கிற பழக்கத்தை இங்கே விட்டுவிடணும். மலையிடுக்கு வழியே போகிற வெயில் கதிர்கள் தலைக்கு மேல் கடந்து கிழக்கே போய் ஒரு புள்ளியில் குவிவதும் சில நாள் தெரியும். தண்ணீர்மலை பாலதண்டாயுதபாணி கோயில் படிகளில் ஏறி நின்றால் இந்தக் கிழக்கு வானம் தடையில்லாமல் கிடைக்கும். செந்தூல் பால்கனிக்கும் இதே 6.30 கணக்குதான்.

வடக்கு வானத்துக்குக் கெர்னி டிரைவ், தஞ்சோங் பூங்கா. நீர்ப்பரப்புக்கு அப்பால் கெடாவின் ஜெராய் மலை, 1,217 மீட்டர். தனியாக நிற்பதால் காற்று அதை ஏறித்தான் கடக்கணும், ஆகவே சுற்றுப்புறம் வெறுமையாக இருக்கும்போதும் அதன் தலையில் தொப்பி இருக்கும். தொப்பி நகராமல் ஒரே இடத்தில் நிற்பதை உற்றுப் பாருங்கள். மேகம்தான் நிற்கிறது, காற்று அதற்குள் புகுந்து வெளியேறிக்கொண்டே இருக்கிறது. ஒரு பக்கம் புதிதாக உருவாகி மறுபக்கம் கரைகிறது.

மேற்குக்குப் பத்து ஃபிரிங்கி அல்லது பாலிக் புலாவ் பக்கம். வானம் சுத்தமான மாலையில் கடல் கோட்டின் மேல் ஒரு கட்டை விரல் உயரத்துக்கு, 2 பாகை, தட்டைத் தலைகள் தெரிந்தால் அவை சுமத்ரா பக்கத்து மேகங்கள். 250 கி.மீ. தூரத்தில் பூமியின் வளைவே கீழ் 5 கி.மீ.யை மறைத்துவிடும், தலை மட்டும் எட்டிப் பார்க்கும்.

கொடிமலை ரயிலில் ஏறுவதானால் காலையில், 9 மணிக்குள். இரவு மழை பெய்து விட்ட மறுநாள் என்றால் பெருநிலத்தின் மேல் படை மேகம் பால் மாதிரிப் படிந்திருக்கும், மேலிருந்து பார்க்கலாம். மத்தியானம் போனால் மேகத்துக்குள்ளேயே நிற்பீர்கள், வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது.

மாதம் பற்றி: ஜனவரி, பிப்ரவரி, தைப்பூசத்தை ஒட்டி, பினாங்கு உலர்ந்திருக்கும். சின்னத் திரள், உயரத்தில் கீற்று, நீலம் நிறைய. நிதானமாகப் பழக நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் ‘சுமத்ராஸ்’ வரும். இரவில் நீரிணையில் திரண்ட இடிமேகங்கள் வில்லாக வளைந்து கரைக்கு வரும். முன்னால் தாழ்வாக, அலமாரித் தட்டு மாதிரி நீண்ட கறுப்புச் சுருள். தட்டு தலைக்கு மேல் வந்ததும் காற்று, அதன் பின்னாலேயே மழை. கடற்கரையில் நின்று பார்க்கிற காட்சி அல்ல அது, அறைக்குள் சன்னல் வழியாக. ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் புகைமூட்டம் வந்தால் கீற்று வகைகளை மறந்துவிடுங்கள், வானம் முழுக்க ஒரே வெளுப்பு.

#12 படச்சுருள்

கேமரா பற்றிக் கேட்டிருந்தீர்கள். கைப்பேசி போதும், ஆனால் படம் எடுக்காதீர்கள், இடைவெளிப் பதிவு (டைம்லேப்ஸ்) எடுங்கள். கண் தவறவிடுவதை அது காட்டும்.

இடைவெளி: வேகமாக எழும்புகிற காலிஃபிளவருக்கு 2-3 விநாடி, சாதாரணத் திரளுக்கு 5, கீற்றுக்கு 10-15. கணக்கு: 30 விநாடிக் காணொளி, விநாடிக்கு 25 படம் என்றால் 750 படம். 5 விநாடி இடைவெளியில் 62 நிமிடம் பிடிக்கும். இருபது நிமிடத்தில் சலித்து நிறுத்தினால் பத்து விநாடி கூடத் தேறாது.

ஒளி, குவியம் இரண்டையும் பூட்டுங்கள். பிரகாசமான மேக ஓரத்தில் விரலை அழுத்திப் பிடித்து, ஒளியைக் கொஞ்சம் இறக்கிப் பூட்டணும். பூட்டாவிட்டால் மேகம் வளர வளரக் கைப்பேசி தானாக ஒளியைக் குறைத்துக்கொண்டே போகும், காணொளி விளக்கு அணைந்து எரிகிற மாதிரித் துடிக்கும். வெண்சமநிலையைப் பூட்ட வழி இருந்தால் அதையும். சட்டகத்தில் கீழே ஒரு ஐந்தில் ஒரு பங்கு மலையோ கூரையோ இருக்கட்டும், அசையாத ஒன்று இல்லாவிட்டால் மேகம் நகர்வதா கேமரா நகர்வதா என்று தெரியாது.

நம் ஊர்ப் பிரச்சினைகள் இரண்டு. வெயிலில் வைத்தால் கைப்பேசி சூடாகித் தானே நிறுத்திக்கொள்ளும். நிழலில், உறையைக் கழற்றி, திரை வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள், பவர் பேங்க்கைச் செருகிக்கொண்டே ஓட்டினால் சூடு இன்னும் கூடும், முன்னாலேயே முழுசாக ஏற்றிவிடுங்கள். அடுத்தது, ஏர்கான் அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படியும். பைக்குள் வைத்து வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுவிட்டு எடுங்கள், துடைத்தால் மறுபடி படியும்.

சூரியன் சட்டகத்துக்குள் வேண்டாம். மேகத் தலைக்குப் பின்னால் சூரியன் மறைந்திருக்கும்போது தலையின் மேல் மெல்லிய திரை போட்ட மாதிரி ஒரு தொப்பி வந்து அதில் பச்சை, இளஞ்சிவப்பு நிறங்கள் ஓடும். கோலாலம்பூரில் நாலு, ஐந்து மணிக்கு மேற்கே பார்ப்பவர்களுக்குக் கிடைக்கிற பரிசு அது. மேகம் சூரியனை முழுசாக மறைத்திருக்கும்போது மட்டும் பாருங்கள், விலகத் தொடங்கினால் கண்ணைத் திருப்பிவிடுங்கள்.

#13 கிள்ளான்கரை

ஒரே ஒரு கருவி செய்துகொள்ளலாம் என்றால் கண்ணாடிதான். மேகம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்கத் தலை நிமிர்த்தினால் கிழக்கும் மேற்கும் குழம்பும், கழுத்தும் போகும். தரையில் படுக்க வைத்த கண்ணாடியில் பார்த்தால் மேகம் வடக்கே போனால் பிம்பமும் வடக்கேதான் போகும். வானிலை நிலையங்களில் ஒரு காலத்தில் இதே தத்துவத்தில்தான் அளந்தார்கள்.

மலிவான படச்சட்டம் ஒன்று, ஏ4 அளவு. படத்துக்குப் பதில் கறுப்புத் தாள். இப்போது கண்ணாடி கறுப்பாகத் தெரியும், வெள்ளை மேகம் கண்ணைக் கூசாது. நடுவில் வெள்ளை மையில் ஒரு புள்ளி, அதிலிருந்து எட்டுத் திசைக்குக் கோடு. மேசையில் மட்டமாக வையுங்கள், ஒரு கோலிக்குண்டை விட்டுப் பார்த்தால் சாய்வு தெரியும். வடக்குக் கோட்டைத் திசைகாட்டியோடு பொருத்துங்கள். கைப்பேசித் திசைகாட்டியை இரும்புக் கம்பி பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள், நன்றாகவே தப்பும். மேகத்தின் ஒரு சின்ன நுனி புள்ளியில் வருகிற மாதிரித் தலையை வைத்து, முகவாயை எதிலாவது ஊன்றி, அசையாமல் ஒன்றிரண்டு நிமிடம். எந்தக் கோட்டுப் பக்கம் வெளியேறுகிறதோ மேகம் அங்கே போகிறது, காற்றுக்குப் பெயர் அதற்கு எதிர்த்திசை.

பெரும்பாலும் தப்புவது இரண்டு இடத்தில். வளர்கிற மேகத்தின் ஓரத்தை எடுத்தால் வளர்ச்சியை நகர்வு என்று நினைத்துக்கொள்வோம், ஆகவே சின்னத் துணுக்காக எடுங்கள். 45 பாகைக்குக் கீழே உள்ள மேகத்துக்கு இது சரிவராது. பால்கனிக் கூரை மறைத்தால் சட்டத்தைக் கம்பியின் மேல் வைக்கிற எண்ணம் வரும், 13ஆம் மாடி, வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் இதைச் செய்தால் ஒரு வேடிக்கை. தாழ்ந்த திரள்கள் தென்மேற்கிலிருந்து வரும், அதே நிமிடம் மேலே உள்ள கீற்றுகள் கிழக்கு, வடகிழக்கிலிருந்து எதிரே போகும். 12, 15 கி.மீ. உயரத்தில் அந்த மாதங்களில் பலத்த கீழைக்காற்று. தித்திவங்சா மேல் விரிகிற பட்டறை மேற்கே நகரத்தின் மேல் நீள்வதும், மழை வருவதற்கு ரொம்ப முன்னாலேயே செந்தூலில் வெயில் மங்குவதும் இதனால்தான்.

#14 மட்டுறுத்துநர்

இழையை மேலே பின்குத்தி வைக்கிறேன். மின்னல் பற்றி யாரும் விரிவாகச் சொல்லாததால் இது.

மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி 3ஆல் வகுத்தால் தூரம், கி.மீ.யில். 30 விநாடிக்குள் இடி கேட்டால், அதாவது 10 கி.மீ.க்குள், பால்கனி, மொட்டை மாடி, கார் நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளம், திடல், கடற்கரை எல்லாவற்றையும் விட்டு உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. மரத்தடியும் கூரை மட்டும் உள்ள பூங்காக் கொட்டகையும் பாதுகாப்பு அல்ல. கதவு சாத்திய கார் பரவாயில்லை. தலைக்கு மேல் நீல வானமாக இருந்தாலும் பட்டறை ஓரத்துக்கு அப்பால் மின்னல் இறங்கும், ‘மழை இன்னும் வரலையே’ என்பது காரணமாகாது. கண்ணாடிச் சட்டத்தில் சூரியப் பிம்பம் விழுந்தால் பார்க்காதீர்கள், கறுப்புத் தாள் கண்ணைக் காக்காது.

#15 செந்தூல்மாடி13

படச்சட்டம் கிடைக்கும் வரை வீட்டில் இருக்கிற வட்ட முகக் கண்ணாடி, பத்து செ.மீ. குறுக்களவு, அதை வைத்துப் பார்க்கலாமா? இரண்டு பக்கமும் கண்ணாடி உள்ளது.

#16 கிள்ளான்கரை

பார்க்கலாம். ஒரு பக்கம் முகத்தைப் பெரிசாகக் காட்டும், அது குழிவு, அந்தப் பக்கம் ஆகாது, பிம்பம் கலங்கித் திசை தப்பும். சாதாரணப் பக்கத்தை மேலே வையுங்கள். கறுப்புத் தாள் இல்லாததால் கூசும், குளிர்கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பத்து செ.மீ.யில் வேகமான தாழ்மேகம் ஒரு நிமிடத்துக்குள் ஓரத்தைத் தாண்டிவிடும், கீற்றுக்குச் சில நிமிடம் ஆகும்.

#17 வெறுங்கண்

கீற்றுக்குச் சில நிமிடம் தலையை அசைக்காமலா? சொன்னேனே, நாற்காலியை முதலில் வாங்கச் சொல்லி.